மஞ்சள் பட்டைய முன்னாடி ஒட்டணும்

சிரிப்புக்கு நான் பொறுப்புண்ணே. வயிறு வலிக்கலன்னா என் சட்டையப் பிடிங்க. இன்னிக்கு, இதே ரேஸ் தடத்துல, ஒரு ஓட்டுநர நல்லா ஏமாத்தி வெச்சிருக்காங்க. அந்த ஆளுக்கே இன்னும் தெரியாது! யாருன்னு இப்பவே சொல்லிட்டா புஸ்ஸுன்னு போயிடும். அதனால முதல்ல உக்காருங்க. அந்த டயர் அடுக்கு மேலதான். கறை ஒட்டினா ஒட்டட்டும், உங்க உடுப்புல ஏற்கெனவே பத்து கம்பெனி பேரு ஒட்டியிருக்கு, கூட ஒண்ணு. இந்தாங்க, கடலை. வேகவெச்சது, இன்னும் சூடா இருக்கு. தோல எங்க வேணா போடுங்க.

ஓட்டறவங்க மீட்டிங்கா? அரை மணி தள்ளி வெச்சுட்டாங்கன்னு நீங்களே இப்பதான சொன்னீங்க? அப்புறம் என்ன பறக்கறீங்க? போன் டிரெய்லர்ல சார்ஜ்ல கிடக்குன்னா கிடக்கட்டும், அது எங்கயும் போவாது. மீட்டிங்ல மட்டும் என்ன புதுசா சொல்லப்போறாங்க? முட்டாதீங்க, மோதாதீங்க, வளைவுல இடம் விடுங்க. வாராவாரம் அதே பாட்டு. நீங்க அதக் கேட்டா ஓட்டறீங்க?

நானா? டார்சிண்ணே. பதினாறு வயசு. சனிக்கிழமையானா இங்கதான். டயர் உருட்டுவேன், கடலை கொறிப்பேன், எல்லார் குரலையும் பேசிக் காட்டுவேன். இந்த வட கரோலினாவுல நான் பேசாத குரல் இல்ல. உங்க மெக்கானிக் வெண்டெல் பெரியவர் இருக்காரே, பெட்ரோல் வரிசையில நிக்கறாரே இப்ப, அவரு எப்படிப் பேசுவாரு? ம்ம்... ஒடிஞ்சிருக்கு. ம்ம்... இதுவும் ஒடிஞ்சிருக்கு. ம்ம்... நீ வந்து மூணு வாரந்தான ஆச்சு? அப்படியே இருக்கா? மைக்ல அறிவிப்பு பண்றவரு இன்னும் நல்லா வரும். மூக்க இப்படிப் பிடிச்சுக்கணும்: அன்பாஆஆன ரசிகர்களே, பதினேழாம் நம்பர் கீகன் ஸ்ட்ரூப் வந்துட்டாஆஆரு, அவங்கவங்க பம்பர அவங்கவங்க பத்திரமா பிடிச்சுக்கோங்க!

சிரிக்கறீங்கல்ல? இது அந்தச் சிரிப்பு இல்ல. அது வருது, வருது.

முதல்ல உங்களப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு கேக்க வேணாமா? கேக்கணும்னுதான இந்த ஓரத்துக்கு என் பின்னாடியே வந்தீங்க? மூணே வாரந்தான் ஆச்சு, ஆனா இருபது வருஷமா ஓட்டறவங்க பேரு அடிபடல, உங்க பேருதான் அடிபடுது. செவ்வாக்கிழமை சாப்பாட்டுக்கடையில ஒரே சண்டை. புதுசா வர்றவங்க வண்டியில பின் பம்பர்ல மஞ்சள் பட்டை ஒட்டணுமில்ல, புதுப்பையன், கொஞ்சம் தள்ளியே வாங்கன்னு பின்னால வர்றவங்களுக்குச் சொல்ல? கீகனுக்கு அத பின்னாடி ஒட்டி என்ன பிரயோஜனம், முன்னாடி ஒட்டுங்கய்யா, அடி வாங்கறவன் முன்னாடிதான இருக்கான், கண்ணாடியில பாத்தாவது ஓரமா ஒதுங்குவான்னு ஒருத்தர் கத்தினாரு. கடையே குலுங்குச்சு. கல்லாப்பெட்டியில நின்ன பொண்ணு காப்பியக் கொட்டிட்டா.

கோவமா? பெருமையா? முகத்தப் பாத்தா ரெண்டும் தெரியுது.

இங்க பழசுங்களும் முட்டத்தாண்ணே செய்யும். முட்டாம என்ன ரேஸு! ஆனா எப்படி முட்டும்? கதவத் தட்டற மாதிரி. பம்பர்ல லேசா ஒரு தட்டு, நான் வந்திருக்கேன்னு சொல்லும். திறக்கறாங்களா, கொஞ்சம் வழி விடறாங்களான்னு பாக்கும். இல்லன்னா அடுத்த சுத்துல இன்னொரு தட்டு. நீங்க கதவத் தட்டல, கதவோட வீட்டுக்குள்ள வந்து நிக்கறீங்க. நீங்க மட்டும் இல்ல, போன வருஷம் வந்த ரெண்டு பேரும் அப்படித்தான். வீட்டுல கம்ப்யூட்டர் விளையாட்டுத் திரைக்கு முன்னாடி உக்காந்து ஓட்டிப் பழகினவங்க. அதுல மோதினா ஒரு பொத்தான அமுக்கினா போதும், எல்லாம் புதுசா வந்து நிக்கும், இல்ல?

அட, எழுந்திரிக்காதீங்க! குத்தம் சொல்லல. கடலை இன்னும் பாதி இருக்கு. நேரமா? இருக்கு. நிறைய இருக்கு. மீட்டிங் கூடற அந்தக் கோபுரத்த நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்ல? கால் ஆடுதா? அது என் பழக்கம், சும்மா இருக்க முடியாது. பள்ளிக்கூடத்துலயும் இதுக்குத்தான் திட்டு.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டு வாரம் முன்னாடி. மூணாவது வளைவு, எட்டாம் நம்பர், பச்சை வண்டி. வெர்லீன் ஹாப்குட். வளைவுக்கு முன்னால அவங்க வேகத்தக் குறைச்சாங்க, நீங்க குறைக்கல. பின்னால ஒரே இடி. பின்சக்கரம் ரெண்டும் தரைய விட்டு எழும்பி, வண்டி பம்பரமா சுத்தி, ஓட்டறவங்க பக்கமா போய் சுவத்துல. டங்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் மட்டும் எனக்குப் பேசிக் காட்ட வரல, எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் மைக்க நீட்டினப்போ நீங்க சொன்னது நல்லா வரும், கேளுங்க. தாடைய இப்படித் தூக்கிக்கணும். அவங்க சீக்கிரமே பிரேக் போட்டாங்க, நான் எங்க போறது, ரேஸ்னா ரேஸ்தான், எல்லாருக்கும் நன்றி! ஹா, பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது. நன்றிண்ணே.

ஆனா ஒண்ணு, இது யாருக்கும் தெரியாது, நீங்களும் வெளிய சொல்லாதீங்க. டாக்டர் அந்தம்மாகிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? மூளை உள்ளுக்குள்ள ஆடியிருக்கு, இன்னொரு தடவை இப்படி ஆடுச்சுன்னா ஆளு பழையபடி திரும்பி வர்றது கஷ்டம்னாராம். அவரு எழுதிக் கொடுத்த சீட்ட அவங்க அப்படியே மடிச்சு அடுப்புல போட்டுட்டாங்களாம். எனக்கு எப்படித் தெரியுமா? எல்லாம் காதுல விழும், நான்தான் இங்கயே கிடக்கறேனே.

அப்ப எதுக்கு ஓட்டறாங்கன்னா கேக்கறீங்க? உங்கள ஓட்டாதன்னு சொன்னா கேப்பீங்களா? அவ்வளவுதான். இன்னிக்கு அவங்க முதல் வரிசை. அவங்க பம்பருக்கு நேர் பின்னால யாரு? நீங்க. பெரிய போட்டி நடத்தற கம்பெனிக்காரர் ஒருத்தர் உங்களப் பாக்கவே வர்றாராமே இன்னிக்கு? காலைல வெண்டெல்கிட்ட சொன்னீங்களே, முதல் வளைவுலயே எட்டாம் நம்பர ஓரங்கட்டிட்டு நான் போயிக்கிட்டே இருப்பேன்னு? நான் அப்ப உங்க டிரெய்லருக்குப் பின்னாலதான் டயர் உருட்டிக்கிட்டிருந்தேன். கேக்கணும்னு கேக்கல.

ஏண்ணே, ஒண்ணு கேக்கறேன். சும்மாதான் கேக்கறேன். நாப்பது சுத்து இருக்கு. முதல் வளைவுதான்னு என்ன கட்டாயம்? ஒரு பத்து சுத்து பொறுத்து, லேசா தட்டி, அவங்க வழிவிட்டதும் போனா அந்தக் கம்பெனிக்காரருக்கு உங்களப் பிடிக்காமயா போயிடும்? இப்ப நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாக்கூட நேரம் இருக்கு... எதுக்கு நேரமா? இந்தக் கதைய மாத்தறதுக்குத்தான்.

பொறுக்க மாட்டீங்க. அஞ்சாவதா வர்றவன ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பயமிருக்கறவங்க வீட்டுல உக்காரணும்ங்கறீங்க. சரி. சரிண்ணே. கேட்டது தப்புதான். இன்னும் நாலு கடலை எடுத்துக்கோங்க.

அந்தச் சிரிப்புதான? சொல்லிடறேன், ஆரம்பிச்சிட்டேன் பாருங்க. ஒரு ஊர்ல ஒரு ஓட்டுநராம்... இல்ல, இப்படி ஆரம்பிக்கக் கூடாது, அவர் என்ன நிறத்துல தொப்பி போட்டிருந்தாருங்கறதுலருந்து வரணும். என்ன, பல்லக் கடிக்கறீங்க? கதைன்னா பொறுமை வேணும்.

என்ன பாக்கறீங்க? ஆமா, கோபுரத்துலருந்து ஆளுங்க இறங்கறாங்க. ஆமா, எல்லாரும் ஓட்டற உடுப்புலதான். அந்தச் சிவப்புத்தலை, அந்தக் குண்டு, அதோ எட்டாம் நம்பர், கைப்பிடியப் பிடிச்சு மெதுவா இறங்கறாங்களே. எண்ணாதீங்க, நான் எண்ணிட்டேன். இருபத்தோரு பேரு. இருபத்திரண்டாவது ஆள் இங்க கடலை உரிச்சுக்கிட்டிருக்காரு.

மீட்டிங் தள்ளி வெக்கலண்ணே. சொன்ன நேரத்துக்குத்தான் நடந்துச்சு.

ஹார்லன் ப்ரூயிட்டா சொன்னாரு? ரேஸ் நடத்தறவரே வந்து சொன்னாரா? ஆள நேர்ல பாத்தீங்களா? டிரெய்லர் கதவு சாத்தியிருந்துச்சு, வெளியிலருந்து குரல் மட்டுந்தான் கேட்டுச்சு, இல்ல? எப்படியிருந்துச்சு, தொண்டையில சரளைக்கல்லு உருண்ட மாதிரியா? ஏய் பதினேழு... த்தூ... மீட்டிங் அரை மணி தள்ளியாச்சு... த்தூ... தூங்குய்யா போயி...

ம். நீங்கதாண்ணே அந்த ஆளு. இப்ப சிரிக்கலாம்.

ஓடி என்ன ஆவப்போவுது? பேரு கூப்பிட்டப்ப இல்லாதவங்க கடைசியிலருந்து கிளம்பணும். உங்களுக்கே தெரியுமே, முதல் வாரம் அந்தக் குண்டு ஆளு லேட்டா வந்தப்ப நீங்கதான கைதட்டினீங்க? ஹார்லன் பெத்த புள்ளையே வந்து கெஞ்சினாலும் மாத்த மாட்டாரு. போய்ச் சொல்லுங்க, டார்சிதான் பண்ணான்னு சொல்லுங்க. என்னை ஒரு வருஷம் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க, அவ்வளவுதான? இருபத்தோரு வண்டியும் உங்களுக்கு முன்னாடி நிக்கும். அதுல பாதிப் பேர் பம்பர நீங்கதான் உடைச்சிருக்கீங்க. அத்தனை பேரையும் தாண்டி எட்டாம் நம்பர்கிட்ட வர்றதுக்குள்ள நாப்பது சுத்தும் முடிஞ்சுடும்.

கத்துங்க, பரவாயில்ல. எதுக்குப் பண்ணேன்னா?

அவங்கள நிறுத்தத்தாண்ணே முதல்ல பாத்தேன். போன வாரம் ஹெல்மெட்ட ஒளிச்சு வெச்சேன், யார்கிட்டயோ இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு ஓட்டினாங்க. அழுதேன், மூக்கச் சிந்திட்டு டயரத் தூக்குன்னாங்க. இன்னிக்குக் காலைல அடுப்படியில நின்னுக்கிட்டு என்னை பிஸ்கட்னு கூப்பிட்டாங்க. பிஸ்கட் எங்க நாயி, போன வருஷம் செத்துப்போச்சு. விளையாடறாங்கன்னு நெனச்சு நானும் அதே மாதிரி குலைச்சுக் காட்டினேன். அச்சு அசலா வரும் எனக்கு. அவங்க சிரிக்கல. இது யாருன்னு யோசிக்கற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

ஆமாண்ணே. எட்டாம் நம்பர் எங்கம்மா.