ஓரத்துல தெரியிற முழங்கை

இல்லம்மா, வெளையாட்டுக்குச் சொல்லல. உன் பனியன்ல இருக்கிற ரெக்கார்ட் அட்டைப் படத்துல நடுவுல நிக்கிறது நான்தான். மூக்கப் பாரு. மத்ததெல்லாம் எறங்கிப் போச்சு, மூக்கு மட்டும் அப்படியே நிக்குது.

ஆமா, டெல்ஃபீன்ஸ் பாட்டுக் குழுவுல இருந்த அதே வெர்னிட்டாதான். டெட்ராய்ட்ல பஸ் ஏறினதுலேருந்து உன் நெஞ்சையே பாத்துக்கிட்டு வரேன், கெழவிக்கு என்ன கோளாறோன்னு நெனச்சிருப்ப. அம்மா கார்ல போடுவாங்களா இந்த ரெக்கார்ட? என் குரல்னா அவங்களுக்கு உயிரா. ம். எல்லாருக்கும் அப்படித்தான் கண்ணு.

அந்தப் படத்துல இடது ஓரம் பாரு. ஒரு முழங்கை தெரியுதுல்ல? எதோ மரக்கெளைன்னு நெனச்சியா. நெறைய பேர் அப்படித்தான் நெனக்கிறாங்க. அதுதான் குரல். அந்த முழங்கைக்குச் சொந்தக்காரி பேரு ஏர்லீன் கேடிஸ். வலது பக்கம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறவ ஜோசெட்டா, ஏர்லீனோட சித்தி பொண்ணு, கூடச் சேந்து பாடுவா. நான் எதுக்குன்னு கேக்குறியா? நடுவுல நிக்க.

வுட்வர்ட் ரோட்டுல அப்ப ஒரு பெரிய துணிக்கடை. அங்க நான் லிஃப்ட் ஓட்டுற பொண்ணு. வெள்ளைக் கையுறை, தொப்பி, பத்தொம்பது வயசு. ஒரு நாள் ஓக்ஸ்னு ஒருத்தர் ஏறினாரு. எட்டாவது மாடி வரைக்கும் போனாரு, எறங்கல. திரும்பக் கீழ வந்தாரு, எறங்கல. மூணாவது தடவை, பாடுவியாம்மான்னாரு. சர்ச்சுல பாடுவேன்னு சொன்னேன். பொய் இல்ல, பாடுவேன். பக்கத்துல இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளி உக்காருவாங்க, அவ்வளவுதான்.

அவரு ஒரு ரெக்கார்ட் கம்பெனி வச்சிருந்தாரு. அந்தப் பக்கம் பெரிய கம்பெனி கொடி கட்டிப் பறக்குது, இவரு கம்பெனி ஒரு டயர் கடைக்கு மாடில. ஏர்லீனையும் ஜோசெட்டாவையும் ஏற்கெனவே புடிச்சு வச்சிருந்தாரு. ஏர்லீன் துணி வெளுக்கிற எடத்துல இஸ்திரி போடுறவ. நல்ல தாட்டியான உடம்பு, ஒரு கண்ணு கொஞ்சம் ஒன்றரை. வாயத் தொறந்தா கூடத்துல இருக்கிற நாற்காலியெல்லாம் எந்திரிச்சு நிக்கும். ஆனா அட்டைக்கு ஒரு மூஞ்சி வேணுமில்ல.

ஒம்பது நாள்ல மொத்த ரெக்கார்டும் முடிஞ்சுது. கீழ டயர் கழட்டுற மிஷின் உறுமினா மேல பாட்டு நிக்கும். எனக்குத் தனியா ஒரு மைக், மூலையில. கண்ண மூடிக்கிட்டு, உசுரக் குடுத்துப் பாடினேன் கண்ணு. ரெண்டாம் பக்கம் ஒரு பாட்டு வருமே, கதவ மெல்லச் சாத்திட்டுப் போன்னு, அதப் பாடுறப்ப எனக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துச்சு.

போட்டோ எடுக்க ஆத்து நடுவுல இருக்கிற பெல் ஐல் தீவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிப்ரவரி மாசம். ஆறு உறைஞ்சு கெடக்குது, எங்களுக்குக் கையில்லாத கவுனு. என் கண்ணுல என்னமோ தீராத சோகம் தெரியுதுன்னு ஒரு புத்தகத்துலயே எழுதியிருக்காங்க. குளிரும்மா அது. பல்லு கிடுகிடுன்னுச்சு. ஏர்லீன எவ்வளவு தூரம் தள்ளி நிக்கச் சொன்னாங்கன்னு நீயே பாத்துக்க, முழங்கை மிஞ்சியிருக்கு.

ரெக்கார்ட் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல சித்தப்பா, பெரியம்மா, சர்ச் ஆளுங்க எல்லாரையும் கூட்டி உக்கார வச்சுப் போட்டேன். எல்லாரும் தலைய ஆட்டுறாங்க, என் முதுகத் தட்டுறாங்க. நான் என் குரலத் தேடுறேன். மொத பாட்டுல இல்ல. சரி, அடுத்ததுல வரும். பன்னெண்டு பாட்டும் முடிஞ்சுது. எங்கம்மா மட்டும் எந்திரிச்சுப் போயி கோழிய அடுப்புல வச்சாங்க.

மறுநாள் ஏர்லீன் வேல பாக்குற எடத்துக்கே போயிட்டேன். இஸ்திரிப் பெட்டிய நிறுத்தாமலே சொன்னா. மொத நாளே பாத்தேன் வெர்னி, உன் மைக் ஒயரு சுருண்டு தரையில கெடந்துச்சு, எதுலயும் மாட்டல. சொல்லலாம்னு வந்தேன். நீ கண்ண மூடிக்கிட்டு அப்படி ஒரு ஆசையா பாடிக்கிட்டு இருந்த, மனசு வரலடி. அப்படின்னு சொல்லிட்டு, அட்டையில நான் இல்ல, ரெக்கார்டுல நீ இல்ல, சரிக்குச் சரின்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அழுதா அந்தச் சூட்டுல யாருக்குத் தெரியப்போவுது.

மேடையிலயா? க்ளீவ்லேண்ட்ல திரைக்குப் பின்னாடி அவ பாடினா, முன்னாடி நான் வாயசைச்சேன். நடுவுல அவளுக்கு இருமல் வந்துருச்சு. நானும் கூடவே இருமினேன், அதே எடத்துல, அதே அளவு. சனங்க கைதட்டினாங்க. துக்கத்துல தொண்டை அடைச்சிருச்சாம்.

ரெண்டாவது ரெக்கார்ட் ஏன் வரலன்னு எல்லாரும் கேக்குறாங்க. ஏர்லீன்தான் காரணம். அடுத்த அட்டையில தன் மூஞ்சியும் வரணும்னு ஓக்ஸ்கிட்ட சொன்னா. அவரு, பாக்கலாம்மான்னாரு. பாக்கலாம்னா என்னன்னு அவளுக்குத் தெரியும். டோலிடோவுக்குப் போயி கல்யாணம் பண்ணிக்கிட்டா, பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. நான் மறுபடியும் லிஃப்டுக்கு.

அதோட போயிருந்தா தேவல. பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு பத்திரிகைக்காரர் வந்தாரு. இப்படி ஒரு குரல் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாரு. வாயத் தொறந்தேன், உண்மையத்தான் சொல்லப்போறேன்னு நெனச்சேன். கடவுள் குடுத்ததுன்னு சொல்லிட்டேன். ஏர்லீன் அந்தப் பக்கத்தக் கிழிச்சு எனக்கு அனுப்பி வச்சா. கடிதாசி கெடையாது. கடவுள்ங்கிற வார்த்தைக்குக் கீழ மட்டும் ஒரு கோடு.

பதினோரு வருஷம் பேச்சில்ல. என் வீட்டுக்காரர் செத்தப்ப போன் பண்ணினா. அப்பறம் ஞாயித்துக்கெழமை தவறாம அவகிட்டேருந்து போன். அங்க சக்கரவள்ளிக்கெழங்கு தோல் சீவிக்கிட்டே பாடுவா. அவ சர்ச்சுல சொல்லுவாங்களாம், ஏர்லீன், நீ அச்சு அசலா அந்த டெல்ஃபீன்ஸ் வெர்னிட்டா மாதிரியே பாடுறன்னு. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அவ பெத்த பொண்ணுக்கே சொல்லல தெரியுமா. தான் பின்னாடி ஊ ஊன்னு பாடினதா மட்டும் சொல்லியிருக்கா.

நான் ஏன் ஊருக்கு உண்மையச் சொல்லலன்னு கேக்குற மாதிரி பாக்குற. ஆமா. அவ ஒரு தடவை கூடக் கேக்கல, நான் ஒரு தடவை கூடச் சொல்லல. பஸ்ல பனியன் போட்டவகிட்ட சொல்ல முடியுது.

ஒரு ஞாயித்துக்கெழமை என்னையறியாம நானும் கூடச் சேந்து பாடிட்டேன். அவ டக்குனு நிறுத்திட்டா. யாருடி அதுன்னா. நான்தான்னேன். மறுபடியும் கெழங்கு சீவுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், லேசா சுதி எறங்குது, ஆனா மோசமில்ல, அந்தப் பாவி ஓக்ஸ் ஒயர மாட்டியிருக்கலாம்னு சொன்னா.

டோலிடோவுல எதுக்கு எறங்குறேனா? கறுப்பு உடுப்பப் பாத்தா தெரியல? செவ்வாக்கெழமை போயிட்டா. இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவ சர்ச்சுல அடக்கப் பூசை. எல்லாத்தையும் அவளே கையால எழுதி வச்சிருக்கா, எந்தப் பூவு, யாரு தூக்கணும், எவ்வளவு நேரம் பிரசங்கம். பொண்ணு போன்ல படிச்சுக் காட்டினா. கதவ மெல்லச் சாத்திட்டுப் போ பாட்ட வெர்னிட்டா பாடணும், தனியா, ரெக்கார்ட் போடக் கூடாது. அம்மாவுக்கு உங்க குரல் அவ்வளவு புடிக்கும் அத்தைன்னு அந்தப் பொண்ணு அழுவுது. நானூறு பேர் வராங்களாம்.

பழி வாங்குறாளா, பரிசு குடுக்குறாளா, எனக்குத் தெரியல. வரேன்னு சொல்லிட்டேன். மூணு நாளா சமையக்கட்டுல பாடிப் பாக்குறேன், கேக்க ஆளில்ல.

டோலிடோவுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்கு, பின்னாடி சீட்டெல்லாம் காலி. மொத ரெண்டு வரி மெதுவாப் பாடுறேன். எப்படி இருக்கோ அப்படியே சொல்லு. ஆனா என் மூஞ்சியப் பாக்காத. ஜன்னல் பக்கம் திரும்பிக்க.

ம். திரும்பிட்டியா.