தோக்கியோவில் ஐம்பத்தைந்து நிமிடங்கள்

சிராங்கூன் சாலை நெடுவான் பயண நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் பயணச்சீட்டுப் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி ரஞ்சிதம் அங்கமுத்து அவர்களுக்கு, பொறுமை இழந்தும் அன்பு இழக்காத உடன் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்.

வான்வழிக் கணக்கில் வல்லவரே! எம் வாதம் எதற்கும் வளையாதவரே!

எவ்வூர்க்கு எத்தனை மணி நேரம் என்று தொலைபேசியில் கேட்டவர் எவருக்கேனும் தாங்கள் ஒரே விடை அளித்ததுண்டா? வானில் பறக்கும் நேரம் ஒன்று, இங்கே வீட்டுக் கதவைப் பூட்டி அங்கே உறவினர் கதவைத் தட்டும்வரை ஆகும் நேரம் மற்றொன்று என விரித்துரைப்பீர்கள். வரிசையில் நிற்போர் பெருமூச்செறிவார்கள். நாங்கள் பல்லைக் கடிப்போம்.

விமானம் மாற மூன்று மணி நேரமேனும் இல்லாத பயணச்சீட்டைத் தாங்கள் விற்றதேயில்லை. கிளமெண்டியிலிருந்து வந்த பொறியாளர் வருண், "என்னக்கா, ஆறு மணி நேரம் ஏர்போர்ட்ல என்ன செய்யறது? கார்ப்பெட்ல பூ எண்ணவா லா?" என்று சீறினார். "எண்ணுங்க தம்பி. ஃபிளைட் பின்னாடி ஓடறதுக்கு அது மேல்" என்றீர்கள். அவர் எதிர்க்கடைக்குப் போனார். மேலாளர் இருதயராஜ் தலையில் கைவைத்தார்.

அம்மையீர்! இத்தகைய தாங்கள் தங்களுக்கென எடுத்த சீட்டை முந்தாநாள் கணினியில் கண்டு திகைத்தோம். டொரோண்டோவில் தங்கள் மகள் இளமதிக்குத் தலைப்பிரசவம். எந்நேரமும் வலி காணலாம் என்கிறார் மருத்துவர். இடையிலோ பதினைந்தாயிரம் கிலோமீட்டர். நாளைக் காலை புறப்பட்டு, தோக்கியோவில் விமானம் மாற ஐம்பத்தைந்தே நிமிடங்கள்! தவறினால் மறுநாள்தான் அடுத்த விமானம். ஏன் இப்படி என்று எங்களுள் ஒருவரான ரக்ஷனா கேட்டதற்கு, "முதல் நாள் ராத்திரியே கிளம்பிட்டா உங்க ஃபங்ஷன் என்னாகும்? பிரியாணிலாம் சொல்லிட்டீங்க" என்றீர்களாம்.

பிரியாணிக்காகவா, அம்மையீர்? ஊரார் அனைவரையும் விமான நிலையங்களில் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் ஓடுவதோ?

ஆகவே தங்களைக் கேளாமலே சீட்டை மாற்றிவிட்டோம். விமானம் இன்றிரவே புறப்படுகிறது. தோக்கியோவில் ஏழு மணி நேரம் அமர்ந்து கார்ப்பெட்டின் பூக்களை எண்ணுங்கள். தங்கள் கணவர் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலையே பார்க்கிறீர்களே, அவர் பெட்டியோடு கீழே டாக்சியில் காத்திருக்கிறார். பெட்டியை ஒரு வாரத்திற்கு முன்பே கட்டி வைத்துவிட்டீர்களாம். அதிலாவது மாறாதிருந்தமைக்கு நன்றி.

தங்கள் பண்பு, பணிநேர்த்தி, பரிவு பற்றி எழுதிய நான்கு பத்திகளை இங்கு வாசிக்கப் போவதில்லை. சட்டமிட்டு அஞ்சலில் அனுப்புவோம். பொன்னாடையைக் கழற்ற வேண்டா, விமானத்தில் குளிரும். பிரியாணியைப் பொட்டலம் கட்டியாயிற்று. சாங்கி விமான நிலையத்தில் நிதானமாக உண்ணுங்கள். தங்களுக்குப் பிடித்தவாறே நேரம் ஏராளமாக வைத்திருக்கிறோம்.

தாயும் சேயும் நலமுறுக! தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ்க! அவையோரே, கைதட்ட வேண்டா, வழி விடுங்கள். அம்மையீர், எழுந்திருங்கள்!

அன்பும் சலிப்பும் குன்றாத
நெடுவான் பயண நிலையப் பணியாளர்கள்
தேக்கா, சிங்கப்பூர்