நடுவில் எடுக்க முடியாத பணம்

வெள்ளைச் சட்டையைத் தேய்க்கும்போது காலரிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஐயா. பலர் முதுகை முதலில் தேய்த்துவிட்டுக் காலருக்கு வருவார்கள். அதற்குள் முதுகு மறுபடியும் கசங்கிவிடும். நீங்கள் போட்டிருக்கும் சட்டையைத் தேய்த்தவருக்கு இது தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடமாகச் சலவைக் கடை வைத்திருப்பவள், கண் தானாக அங்கேதான் போகிறது.

இறந்தவர் எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டீர்கள். வாரத்துக்கு ஐந்து சட்டை சலவைக்குக் கொண்டுவருவார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். அதனால் நாங்கள் அவரை டைக்காரர் என்போம். முப்பது வயதுகூட இருக்காது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சில்லறை பாக்கி வைக்கமாட்டார்.

என் தங்கையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் கணவர் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மேலே அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து விழுந்து இறந்துபோனார். முதலாளி ஒரு தொகை கொடுத்தார். அந்தக் காசோலையையும் தன் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு அவள் என் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே சொன்னாள்.

"கொஞ்ச நாள்தான் அக்கா. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் பார்த்து தையல் கடை போட்டுட்டு நானே போயிடுவேன். உனக்குப் பாரமா இருக்கமாட்டேன்."

"உன்னை யாருடி இப்பப் பாரம்னு சொன்னா? போய்க் கை கழுவிட்டு வந்து சாப்பிடு," என்றேன்.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. ஆனாலும் குழந்தை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், அணைக்கத் தோன்றாது. தனியாக ரூம் எடுத்து, தனியாகச் சமைத்து, தனியாகப் படுத்து எழுந்திருப்பதெல்லாம் அவளால் ஆகிற காரியமா? என் கணவர் என்னை விட்டுப் போனபிறகு பதினோரு வருடம் நான் அப்படி இருந்தேன். ஆளில்லாத வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவளுக்கு அந்தக் கஷ்டம் வரலாமா?

அந்தப் பணத்தை டைக்காரர் ஒரு சேமிப்புப் பாலிசியில் போட்டார். "பேங்க் டெபாசிட் மாதிரிதான் மேடம். ஒரு வருஷம் போனா எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்," என்று என் தங்கையிடம் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டாள். ஒரு வருடம் கழித்து, கடைக்கு இடம் பேசி முடித்துவிட்டுப் பணம் கேட்கப் போனாள். இது பதினைந்து வருடப் பாலிசி, நடுவில் எடுத்தால் பாதிகூடத் தேறாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

"போனா போகுது விடுடி. நான் இருக்கேன்ல."

"எப்படி விடறது? அது அவர் உயிரு அக்கா."

அடுத்த ஒரு வருடமும் கம்பெனிக்கு மனு எழுதினாள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதினாள். பொய் சொல்லி விற்றுவிட்டார்கள், போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. பால் அடுப்பை அணைக்கத் தெரியாதவளுக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்றாவது முறை அந்த ஆபீசுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மேனேஜர் பொறுமையான மனிதர்.

"கம்பெனியிலேர்ந்து உங்களுக்கு ஃபோன் பண்ணி ஏழு கேள்வி கேட்டிருக்காங்கம்மா. பதினஞ்சு வருஷம்னு தெரியுமான்னுகூடக் கேட்டிருக்காங்க. ஏழுக்கும் ஆமான்னு சொல்லியிருக்கீங்க. எல்லாம் பதிவாகி இருக்கு."

"எங்க கடையில பாய்லர் சத்தம் சார். ஒண்ணும் சரியா கேக்கலை. ஆமான்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னது?"

ஓரமாக நின்றிருந்த டைக்காரர் அப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மேஜைமேல் காகிதத்தில் ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷின் இருந்தது. நல்ல கனம். அதை எடுத்து அவர் நெற்றியில் அடித்தேன். ஒரே அடிதான். புருவம் பிளந்து ரத்தம் டையில் சொட்டியது. ரத்தக்கறையை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், பச்சைத் தண்ணீரில் நனையுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

படியிறங்கும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஒரு மனுஷனோட மண்டையை உடைச்சிட்டியே அக்கா. நாளைக்குப் போலீஸ் வந்தா?"

"வரட்டுமே. நல்லா வெளுத்துத் தேய்ச்சு அனுப்பறேன்."

சிரித்துவிட்டாள். வீடுவரை என் கையை விடவில்லை. அந்த வாரம் முழுவதும் ரூம், கடை என்ற பேச்சே எழவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்ஷீட் மடித்தோம். நன்றாக இருந்தது.

போன புதன்கிழமை மதியத்துக்கு முன்னால் டைக்காரர் கடைக்கு வந்தார். தங்கை நூல் வாங்கப் போயிருந்தாள். அவர் நெற்றியில் பிளாஸ்திரி. கையில் சட்டை எதுவும் இல்லை, ஒரு காகிதம்தான்.

"ஆபீஸ்ல உண்மையைச் சொல்லிட்டேன் அக்கா. ஒரு வருஷத்துல எடுக்கலாம்னு நான் பொய் சொன்னதை எழுதியே கொடுத்துட்டேன். என் வேலை போகும். போகட்டும்."

"அப்புறம் இங்க என்ன வேலை?"

"அது மட்டும் பத்தாதாம். அவங்க தானா ஆமான்னு சொல்லலை, பக்கத்துல இருந்தவங்க சொல்ல வெச்சாங்கன்னு தெரியணுமாம். பதிவுல உங்க குரல் இருக்கு. அது உங்களோடதுதான்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. முழுப் பணமும் திரும்பி வந்துடும்."

தன் ஃபோனில் அதைப் போட்டுக் காட்டினார். நீராவி சீறுகிற சத்தத்துக்கு நடுவே என் தங்கை, "அக்கா, பதினஞ்சு வருஷம்னு ஏதோ கேக்கறாங்க," என்கிறாள். ஒரு பெண்ணின் குரல், "அதெல்லாம் சும்மா கேப்பாங்கடி, ஆமான்னு சொல்லிட்டு வந்து பெட்ஷீட்டைப் பிடி," என்கிறது. பெண்ணின் குரல் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாவது ஆமாவுக்குப் பிறகு தங்கை ஃபோனை அணைக்காமலே மேஜையில் வைத்திருக்கிறாள். அதனால் அன்றைக்குக் கடைக்கு வந்திருந்த டைக்காரரோடு அந்தக் குரல் பேசியதும் கொஞ்சம் பதிவாகியிருந்தது.

"நடுவுல எடுக்க முடியாதுல்ல தம்பி?"

"முடியாதுக்கா. நீங்க கேட்ட மாதிரியேதான்."

"அப்ப சரி. இனிமே எங்கயும் போகமாட்டா."

அவர் ஃபோனை அணைத்தார்.

"இதை அவ கேட்டாளா?" என்றேன்.

"இன்னும் இல்ல. நாளைக்கு ஆபீஸ்ல அவங்க முன்னாடி போட்டுக் காட்டணும், அதுதான் முறை. நீங்களே முன்கூட்டி சொல்லிட்டா நல்லது அக்கா. கூடப் பிறந்தவங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. படிக்கிற கண்ணாடி உள்ளே இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்துப் போனேன்.

எங்கள் ஸ்டீம் பிரஸ்ஸில் கீழே மெத்தை வைத்த பலகை, மேலே சூடான இரும்புத் தட்டு. ஒரு பெடலை மிதித்தால் தட்டு இறங்கிப் பூட்டிக்கொள்ளும். இன்னொரு பெடலை மிதித்தால்தான் திறக்கும். காகிதம் சுருண்டுகொண்டே இருந்தது. அவர் அதைப் பலகைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் அக்கா," என்றார்.

நான் மிதித்தேன்.

"அக்கா, பெடல்... பெடலை எடுங்க அக்கா," என்று கத்தினார். கை தவறி, கால் தவறி நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார், பாவம். நான் நீராவியையும் திறந்தேன். தோல் வேகும் வாடை எங்கள் கடைக்குப் புதிதல்ல. எனக்கே இரண்டு முறை சுட்டிருக்கிறது. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. அவர் ஒற்றைக் காலால் இரண்டாவது பெடலைத் துழாவினார். அந்தக் காலைத் தள்ளிவிட்டேன். அதுவரை நான் எந்த முடிவுக்கும் வரவில்லை, இதையும் எழுதுங்கள். பிறகு அலமாரிக்குப் பக்கத்திலிருந்த பழைய கனமான இஸ்திரிப்பெட்டியை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். முதல் அடியில் முட்டிபோட்டார், கை மட்டும் மேலே மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் அக்கா என்று கூப்பிடுவது நின்றது. மூன்றாவது தேவையில்லாமல் இருந்திருக்கலாம். நான்காவதும்.

ஃபோனைக் கொதிக்கிற தொட்டியில் போட்டேன். அவரைத் தள்ளுவண்டியில் இறக்கி, அழுக்குப் பெட்ஷீட்டுகளைப் போட்டு மூடினேன். இரண்டு மணிக்கு ஓட்டலிலிருந்து வருவார்கள், நாற்பது தலையணை உறை பாக்கி இருந்தது. கையால் தேய்த்து முடித்தேன்.

தங்கை வந்தாள். வழக்கம்போல வண்டியிலிருந்து துணி எடுக்கக் குனிந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத்தை மெல்லப் பிய்த்து எடுத்து, மிச்சமிருந்த எழுத்தைப் படித்தாள். வெறுங்காலோடு தெருவுக்குப் போய் உங்களுக்கு ஃபோன் செய்தாள். நான் பின்னாலேயே போய்ச் செருப்பை எடுத்து வைத்தேன். போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் தெரியாத என் தங்கையைப் பொய் சொல்லி ஏமாற்றினார். அதனால்தான். அப்படியே எழுதுங்கள்.

அந்தப் பதிவு கம்பெனியிலும் இருக்கிறது, அவள் நேற்று இங்கேயே உட்கார்ந்து முழுவதும் கேட்டாள் என்கிறீர்கள். சரி. என்னைப் பார்க்க அவள் வரவில்லை. அந்தக் காகிதத்தின் புதுப் பிரதியை மட்டும் உங்களிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதை அந்தப் பக்கமாகத் தள்ளி வையுங்கள், ஐயா. கொலைக்கு எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், இதில் போடமாட்டேன். பணம் கைக்கு வந்தால் அடுத்த நாளே ரூம் பார்த்துப் போய்விடுவாள். பாலிசி முடிய இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது. எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும் என்று வக்கீல் சொல்கிறார். நான் திரும்பி வரும்போது கதவைத் திறக்க வீட்டில் ஆள் வேண்டாமா?