கிழக்கு யன்னல் வயலட்டுகள்

வயலட்டுக்கு மேலால் தண்ணீர் ஊற்றக்கூடாது. இலையில் விழும் நீர் அந்த இடத்தைப் பழுப்பாக்கி அழுக வைத்துவிடும். தயிர்ச்சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்குள் பூச்சாடியை வைத்தால் போதும். வேண்டியதை அது அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மரண விசாரணைக்கு வந்தவரிடம் பூக்கன்று வளர்ப்பைப் பற்றிக் கதைக்கிறாளே என்று சிரிக்காதீர்கள், ஐயா. என் கணவர் கனகசபாபதி எப்படிச் செத்தார் என்றுதானே கேட்டீர்கள்? அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். முன்னுரை இல்லாமல் எனக்கு ஒன்றும் சொல்ல வராது.

முதல் இலை கொட்டாஞ்சேனையில் களவெடுத்தது. என்னோடு படிப்பித்த றோஸியின் தாயார் செத்த வீடு அது. கேட்டு வாங்கிய கன்று பிடிக்காது, களவெடுத்ததுதான் தழைக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். விஞ்ஞான ஆசிரியையான நான் அதையும் நம்பினேன். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று அழ, நான் யன்னலடியில் ஓர் இலையைக் கிள்ளி லேஞ்சிக்குள் சுற்றினேன். அதே லேஞ்சியால் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அந்த ஓர் இலையின் வம்சம்தான் நீங்கள் பார்க்கிற இந்த யன்னல் முழுவதும்.

இவர் சுகமாக இருந்த காலத்தில், குடித்து மிஞ்சிய தேநீரை இந்தச் சாடிகளுக்குள் ஊற்றுவார். "உன்ர பிள்ளையளுக்கும் ஒரு வாய் தேத்தண்ணி" என்பார். சீனித் தேநீர். எறும்பு மொய்க்கும், வேர் அழுகும். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்கமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

பிறகு பாரிசவாதம் வந்து அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயின. வெள்ளவத்தையில் எங்களுடையது இரண்டு அறை வீடு. கடல் பக்கத்து அறையில் உப்புக்காற்றும் பின்னேர வெயிலும். காலி வீதிப் பக்கத்து அறைக்குத்தான் காலை வெளிச்சம் வரும். அது நோயாளிக்கும் நல்லது, வயலட்டுக்கும் நல்லது. கட்டிலை அங்கேயே போட்டோம். ரொறன்ரோவிலிருந்து மகள் டிலக்ஷி, முதுகில் புண் வராமலிருக்க மோட்டார் பூட்டிய காற்று மெத்தை ஒன்றுக்கு ஒழுங்குசெய்தாள். ஹற்றனிலிருந்து சீனியம்மா என்ற பெண்ணையும் வேலைக்கு வைத்தாள். அவள் இவரைத் துடைத்து, ஊட்டி, நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பாள். நல்ல பிறவி.

அந்த நல்ல பிறவி ஒரு நாள், இவரைத் துடைத்து மிஞ்சிய தண்ணீரை என் வயலட்டுகளின் தலையில் ஊற்றிவிட்டாள். "வாடிக் கெடந்துச்சுங்கம்மா, பாவமா இருந்திச்சு" என்றாள். அந்தக் கிழமையே பாதிக் கன்றுகளின் இலை அழுகியது. அவளை ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

"அய்யாவ யாரும்மா திருப்பிப் போடுவாங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"ஏன், நான் இருக்கிறன்தானே" என்றேன்.

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன். சில நாட்கள் புரட்டியும் பார்த்தேன். பாரமான மனிதர், நான் ஈர்க்குச்சி. பக்கத்து வீட்டு உஷாந்தியை உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். அவள் வந்தால் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கதைப்பாள், கன்றுகளுக்குக் காற்றடிக்கும். கூப்பிடவில்லை.

அது மழைக்காலம். தப்பிய கன்றுகளுக்கு வெளிச்சம் போதவில்லை. ரியூப் லைற் ஒன்று வாங்கினேன். அறையில் பிளக் போட ஒரே ஓர் இடம்தான், அதில் மெத்தையின் மோட்டார். அதைக் கழற்றினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன், வயலட்டுக்குக் காற்று ஆகாது. மனிதன் எதையும் தாங்குவான், கன்று தாங்காது என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். படித்தவளுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

சாடிகளைத் தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்க வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்து, மற்றப் பக்கம் சூம்பிவிடும். நான் திருப்புவதை இவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் இடக்கையைத் தூக்கி, சாடியைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டி, விரலை மெல்லச் சுழற்றினார். எனக்கு உடனே விளங்கியது. விளங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த சாடிக்குப் போனேன்.

இந்த வயலட்டுக்கு மணமில்லை. அது ஒரு குறைதான். "என்ன அன்ரி, எலி கிலி செத்துக் கிடக்கோ?" என்று உஷாந்தி கேட்ட பிறகு, தினமும் சாம்பிராணி போட்டேன். டிலக்ஷி வீடியோவில் வந்தால், இவருடைய முகத்தையும் பின்னாலிருக்கிற பூக்களையும் மட்டும் காட்டுவேன்.

"அப்பாவைத் திருப்பி விடுறீங்கள்தானே, அம்மா?"

"ஓம் பிள்ளை, நேரந்தவறாமல்."

"அறை என்ன வடிவாக் கிடக்கு. அப்பா குடுத்து வைச்சவர்."

இவருடைய கண்ணால் நீர் ஓடியது. "உன்னைக் கண்ட சந்தோசத்தில அழுறார்" என்றேன். நாடகம் பழக்கியிருந்தால் பாடசாலைக்குப் பரிசு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கடைசியில் காய்ச்சல் வந்தது. டொக்டரைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் இவரைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். முதுகில் எலும்பு தெரிந்ததாம். எனக்கு அது புதினமில்லை. விரிப்பை இழுத்து மாற்றும்போது பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டுப் போர்த்தியிருக்கிறேன். வயது, தனிமை, மறதி என்று தயவுசெய்து எழுதாதீர்கள். புரட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் விட்டேன். அவரைக் கொன்றது நான்தான்.

டிலக்ஷி நாளைக்கு வந்து இறங்குவாள். இப்போது என் முகத்தில் முழிக்கமாட்டாள், அது நியாயம். அவளிடம் நீங்கள்தான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்காக இல்லை. காலையில் ஒருதரம் இந்தச் சாடிகளைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பாவங்கள், ஐயா, வாய்விட்டுக் கேட்க முடியாத உயிர்கள். மனிதர்கள் நாங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.