கண்ணில் கட்டோடு ஆறு பேர்

"ஓடாதீங்க! நடங்க! யாரும் குனியாதீங்க!"

டாக்டரம்மா கத்துகிறார். மலையடிவாரத்தில் இன்னொரு குண்டு விழுகிறது. பள்ளிக்கூடத் தகரக்கூரை அதிர்கிறது. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுக்கிறேன். இரண்டு கண்ணிலும் கட்டு. முந்தின நாள்தான் ஒரு கண்ணில் ஆபரேஷன்; அது அசையாமலிருக்க மற்றதுக்கும் கட்டு.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். ரோட்டில் ராணுவம். நடுவில் எங்கள் ரப்பர் தோட்டம்.

நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இடமில்லை. கண்ணில் புரை விழுந்தால் விழுந்ததுதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கோடு தெரியாவிட்டால் வேலை போச்சு. டாக்டரம்மா ஈப்போ பட்டணத்தில் கண் டாக்டர். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு நர்சோடு தன் காரில் வருவார். பள்ளிக்கூட மேசையில் ஆபரேஷன். காசு வாங்கியதில்லை. அந்தச் சனிக்கிழமை ஆறு பேருக்குச் செய்தார். இரவு அங்கேயே தங்கினார். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இது என் கண்ணு" என்பார்.

எங்களை ஏற்றிப்போக ரோட்டில் லாரி நிற்கிறது. பாதி தூரம் வந்துவிட்டோம். படபடவென்று துப்பாக்கி. குனிந்தால் தையல் பிரியும். குனியாவிட்டால் உயிர் போகும்.

"குனிங்க! எல்லாரும் குனிங்க!"

அதையும் டாக்டரம்மாதான் கத்தினார். வீட்டுக்காரரின் தலையைப் பிடித்துக் கால்வாய்க்குள் அமுக்கினேன். என் கையால்.

சத்தம் நின்றது. லாரியில் ஏறினோம். கண்ணில் கட்டோடு ஐந்து பேர்தான். பாப்பாத்தி அக்காவைக் காணோம்.

"நான் இங்கதான் இருக்கேன் லா! யாராச்சும் வாங்க!" பள்ளிக்கூடத்திலிருந்து குரல்.

"போவாதீங்கம்மா!" லாரிக்காரர் கத்தினார். டாக்டரம்மா போய்விட்டார். அக்காவின் கையைப் பிடித்து வெளியே வந்தார். மெதுவாக. "படி இருக்கு. இன்னொரு படி. தலைய நேரா வச்சிக்குங்க."

ஒரே ஒரு வெடி. டாக்டரம்மா விழுந்தார். அக்கா வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா? அடுத்த படி எங்க?"

நான் இறங்கி ஓடினேன். அக்காவை நான்தான் கூட்டி வந்தேன். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. யார் சுட்டது என்று எங்களுக்கும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஈப்போவில் வேறொரு டாக்டர் கட்டுப் பிரித்தார். பாப்பாத்தி அக்காவுக்குப் பார்வை வந்தது. டாக்டரம்மாவை அறை முழுக்கத் தேடினார். டாக்டரம்மாவோடு வழக்கமாக வரும் நர்சின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அழாதீங்கக்கா, புண்ணு ஆறல" என்று சொல்லிக்கொண்டே நர்சு அழுதாள்.

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை வரவில்லை. "உயிரோட இருக்கேன்ல, வுடு வள்ளி" என்றார். எப்படி விடுவது?

இழந்தது இவ்வளவு. டாக்டரம்மா. என் வீட்டுக்காரரின் ஒரு கண். அந்த ஆறு பேரில் ஒருவரான வேலு அண்ணனின் ஒரு கண். அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களைப் பார்க்க யாரும் வரவில்லை.