சவுக்கு வில்

"ஹலோ... இளவரசு, நான் அஷ்பாக். வச்சிடாத... ஆமாம், ஆமாம், உன் ஸ்டேட்டஸப் பாத்துட்டுதான் பேசறேன்."

பரங்கிப்பேட்டைப் பட்டறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான் அஷ்பாக். சிதம்பரத்தில் இன்று வில்வித்தைப் போட்டி. இளவரசு காலையில் போட்ட படத்தில் இருந்தது அஷ்பாக் செதுக்கிய வில். அதில் தங்கநிறப் பெயிண்டில் இளவரசுவின் பெயர். வாழ்த்துச் சொல்லவா கூப்பிடுவான்? வயிறு எரிந்து கூப்பிட்டான்.

"என் பேரு எங்க மச்சான்?... சும்மாவா? நீ செஞ்சதுன்னுல்ல போட்டிருக்க... சவுக்குல வில்லு செய்யறேன்னப்ப யாரு சிரிச்சது? சாரம் கட்டுற மரம், அடுப்புல வைக்கிற மரம்னு நீதான சொன்ன... விளையாட்டுக்கா. சரி. செஞ்ச வில்லு ஒண்ணொண்ணா வெடிச்சிப் போனப்ப பக்கத்துல நின்னு பாத்தவனும் நீதான்டா. வேற எவனாச்சும் இப்படிப் பண்ணியிருந்தா தொடச்சிப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

கூட இருந்தே குழி பறித்துவிட்டானே என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை.

"...ம்... உன் பொண்ணுக்குன்னுதான் குடுத்தேன். கனிமொழி ஆசப்பட்டாளேன்னு குடுத்தேன். நீ ஊரக் கூட்டிக் காட்டறதுக்கு இல்ல... இரு, இரு. என் பேர என்ன பண்ண?... தொடச்சியா, தேய்ச்சியா?... உப்புத்தாளு போட்டா?"

அஷ்பாக்கின் குரல் சட்டென்று இறங்கியது.

"எவ்ளோ தேய்ச்ச?... மேடு பள்ளமெல்லாம் சமமாவுற வரைக்குமா... யா அல்லா."

பட்டைக்கு அடியிலிருந்த மேல்நாரை அவன் உளியால்கூடத் தொட்டதில்லை. நாணை இழுக்கும்போது அத்தனை பாரத்தையும் தாங்குவது அந்த நார்தான். அதனால்தான் மேடு பள்ளத்தை அப்படியே விட்டு, பெயரையும் பேனாவால் எழுதியிருந்தான். இளவரசு அழகு பார்த்து அதைத் தேய்த்துத் தொலைத்திருக்கிறான்.

"மச்சான், சண்டைய வுடு. அந்த வில்ல இழுத்தா வெடிக்கும். புள்ள மூஞ்சிக்கு நேரா புடிச்சிகிட்டு நிப்பா... நேத்து இழுத்தாளா? நேத்து தாங்கிச்சின்னா இன்னிக்கும் தாங்குமா? நாரு அறுந்தது வெளிய தெரியாதுடா... பொறாமையா? எனக்கா?... சரி, பொறாமைன்னே வச்சிக்க. வேற வில்லு குடு அவளுக்கு."

"...மைக்ல கூப்புடறது கேக்குது. அவ பேருதான?... இப்ப வில்ல மாத்துனா மானம் போயிடுமா? உன் மானத்துல மண்ணு விழ. கண்ணுடா, புள்ள கண்ணு... சரி. நீதான் செஞ்சேன்னு நானே சொல்றேன். யாரு கேட்டாலும் சொல்றேன். ஃபோன அவகிட்ட குடு... சத்தியமா சொல்ல மாட்டேன். குடு."

அவன் காத்திருந்தான்.

"...கனி, மாமா பேசறேன்மா. அந்த வில்ல இழுக்காத. கீழ வச்சிடு... காரணம் இருக்கு... இல்லம்மா, அப்பா நல்லாத்தான் செஞ்சிருக்காரு."

வாசலில் கிடந்த சவுக்குக் கட்டையைக் காலால் ஓரம் தள்ளினான்.

"மரம் நான் குடுத்தது. அந்த மரத்துல கோளாறு. எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம வுட்டுட்டேன்... ஆமாம், என் தப்புதான்... திட்டு, பரவால்ல. கீழ வச்சிட்டியா?... நாணக் கழட்டிட்டியா?... வேற வில்லு வாங்கிட்டியா?... அல்ஹம்துலில்லாஹ். போ, நல்லா குறி பாத்து அடி."

"...கனி, ஒரு நிமிஷம். அப்பா பக்கத்துலதான் நிக்கறாரா?... ஏதாச்சும் சொல்றாரா?"

"...ஒண்ணும் சொல்லலையா. சரிம்மா. வச்சிடறேன்."