பதினோராவது வீடு

எனக்குப் பால் தேத்தண்ணி வேண்டாம், பிள்ளை. பிளேன்ரீ போதும், சீனி அரைக்கரண்டி. உங்களுக்கும் ஒன்று சொல்லுங்கோ. காலையிலிருந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், முகம் வாடிப்போய்க் கிடக்கிறது. நான் ஆறுதலாகச் சொல்கிறேன், கை நோகாமல் எழுதலாம்.

முப்பத்தொரு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். பென்ஷன் எடுத்து வீட்டில் இருந்தபோது என் பழைய மாணவன் றூபன் லண்டனிலிருந்து கோல் எடுத்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் கொம்பனி தொடங்கியிருந்தான். ஆறு பிள்ளைகள், ஆறும் கெட்டிக்காரர், ஆனால் சொன்ன நாளில் ஒன்றும் முடிவதில்லையாம்.

"மக்டலீன் ரீச்சர், நீங்கள் சும்மா முன்னாலை நிண்டாலே போதும்," என்றான். "கொம்பியூட்டர் ஒண்டும் தெரியத் தேவையில்லை."

அஜைல் என்ற முறையை இரண்டு நாள் வகுப்பில் படித்தேன். நல்ல முறை. வேலையை இரண்டு கிழமைச் சுற்றுகளாக, பதினாலு நாளுக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும். காலையில் எல்லோரும் நின்றபடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எது தடுக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது என்று சுவரில் தாள்கள் ஒட்ட வேண்டும். சுற்று முடிய வாடிக்கையாளருக்குச் செய்து காட்டிவிட்டு, எங்கே பிழைத்தது என்று கூடிப் பார்க்க வேண்டும். வகுப்பு நடத்துவதுதானே என்று நினைத்தேன்.

பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆறு பேரில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தே சொல்வார்கள்.

"தடை ஏதும் இருக்கோ?"

"இல்லை ரீச்சர்."

புரோகிராம் எழுதுகிற கோபிசங்கர் எப்போதும் பிந்தித்தான் வருவான். "ரீச்சர், வெளியிலை முழந்தாளிலை நிக்கவோ?" என்பான்.

"நில்லடா. வேலை முடிஞ்சாப் பிறகு எழும்பு."

"அப்ப பொங்கலுக்கும் முழந்தாள்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அப்படி அன்பாகத்தான் இருந்தோம். கூட்டம் நடக்கும்போது போன்களை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடி என் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி உண்டு. அது அடுத்த சுற்றில் எவ்வளவு முடியும் என்று கணிக்க மட்டும்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் அதை மார்க்ஸ் மாதிரிச் சுவரில் எழுதினேன். இருபத்தெட்டு, முப்பத்தைந்து, நாற்பத்தொன்று. கூடக் கூட றூபன் கேக் அனுப்பினான். கூட்டுவதற்காகப் பிள்ளைகள் சோதிக்காத வேலையை முடிந்தது என்று ஒட்டினார்கள். எனக்குத் தெரியும். பரீட்சையில் பார்த்து எழுதுகிற பிள்ளையின் தோளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் நான்.

பிழை இருந்தால் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டும். சிவப்பைக் கண்டால் எனக்குக் குமட்டும். துப்புரவான கொப்பியில் யாரோ மூக்குச்சளியைத் துடைத்த மாதிரி இருக்கும்.

நாங்கள் செய்தது கழுத்தில் மாட்டுகிற ஒரு பொத்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் இங்கே தனிய. விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அதை அழுத்தினால் எங்கள் நேர்ஸின் போன் அடிக்கும். கரவெட்டிப் பக்கம் பதினொரு வீடுகளில் கொடுத்துப் பார்த்தோம். பதினோராவது வீடு பாலேஸ்வரி அம்மாவுடையது. எழுபத்தெட்டு வயது, மகள் கனடாவில்.

எங்கள் வேலையைச் சோதிக்கிறவள் உதயகலா. மெல்லிய குரல். பொத்தான் வேலையின் மூன்றாம் சுற்றிலேயே அவள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். வீட்டில் கரண்ட் நின்று வந்தால், அதன்பிறகு அழுத்துவது நாங்கள் இருக்கிற கந்தோர்த் திரையில் சிவப்பாக விழும், நேர்ஸுக்குப் போகாது.

"ரீச்சர், இதை முடிஞ்சது எண்டு போடேலாது."

"அடுத்த சுற்றிலை பாப்பம், பிள்ளை."

திருத்த இரண்டு நாள் போதும் என்று கோபிசங்கர் சொன்னான். இரண்டு நாள் என்றால் ஆறு புள்ளி குறையும். நோர்வேயில் ஒரு கொம்பனி இதை வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் புதிது புதிதாகக் காட்ட வேண்டியிருந்தது. நாலு சுற்று, நாலு தரமும் அந்தச் சிவப்புத் தாளை என் கையாலேயே உரித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நோர்வேக்காரருக்குக் காட்டுகிற நாள். பத்து மணிக்கு அவர்கள் வீடியோவில் வருவார்கள். ஒன்பது நாற்பதுக்குத் திரையில் பதினோராவது வீடு சிவப்பாக விழுந்தது. பிறகும் விழுந்தது.

"ரீச்சர், பாலேஸ்வரி அம்மா அழுத்துறா. கரண்ட் நிண்டு வந்திருக்கும், நேர்ஸுக்குப் போகேல்லை."

"பேரப்பிள்ளையள் விளையாடுதுகளாக்கும்."

"அவவுக்கு அங்கை ஒருத்தரும் இல்லை ரீச்சர். போன் ரின்னைத் தாங்கோ, நான் ஒருக்கா கோல் எடுக்கட்டே?"

"நீ போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா. நான் எடுக்கிறன்."

அவள் போனாள். திரையிலிருந்து ஒரு வீட்டை எடுத்துவிட ஒரு தட்டுப் போதும். மூன்று வருஷத்தில் நான் படித்த கொம்பியூட்டர் வேலை அது ஒன்றுதான். தட்டினேன். பத்து வீடும் பச்சை. அவ்வளவு வடிவாக இருந்தது.

அவள் திரும்பி வந்து கேட்டாள். "கதைச்சனான். சுகமாயிருக்கிறா, தெரியாமல் கை பட்டதாம்," என்றேன். பிள்ளையின் முகம் தெளிந்தது. அன்றைக்கு அவள்தான் முழுவதையும் காட்டினாள், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நோர்வேக்காரர் கை தட்டினார்கள்.

எடுத்த வீட்டை ஏன் திரும்பப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். காட்டி முடிந்தால் சுற்று முடிந்தது. அடுத்தது திங்கட்கிழமை. இடையில் எந்த வேலையையும் தொடக்கூடாது என்பது முறை.

திங்கட்கிழமை நேர்ஸ் வழமையான நாள் என்று போய்விட்டு எனக்குக் கோல் எடுத்தாள். நானும் போனேன். குளியலறைக்குள் விழுந்து இடுப்பு முறிந்து, உயிர் போய்க் கிடந்தா. கதவைத் திறந்ததும் வந்த மணத்துக்கு நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். பொத்தானைப் பிடித்தபடி இருந்த விரல்களில் எறும்பு ஊர்ந்தது. அருவருப்பாக இருந்தது. மன்னிக்க வேண்டும், உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். பொத்தானின் பதிவில் பிறகு பார்த்தோம், அறுபத்து மூன்று தரம் அழுத்தியிருக்கிறா. கடைசியாகச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு.

அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டினேன். யார் எங்கே பிழை விட்டோம் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கோபிசங்கர் எழுதாமல் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியே போனான். உதயகலா எழுதினாள்: 'நான் இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையது.' கையெழுத்தும் வைத்தாள்.

உங்கள் பொலிஸ் பைலில் முதலாவதாக இருப்பது அந்தத் தாள்தான். அதை உங்களுக்கு அனுப்பியது நான். அதை வைத்துத்தான் அவளை மூன்று நாளாகக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள், பாஸ்போட்டையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கோ. நான் பாலேஸ்வரி அம்மாவோடு கதைக்கவில்லை. இலக்கத்தை அழுத்தவேயில்லை. ரின்னைக்கூடத் திறக்கவில்லை. அவ அழுத்துகிறா என்று தெரிந்துதான் வீட்டைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படியே எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறேன்.

ஏன் அவளிடம் பொய் சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்? இருபது நிமிஷத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அந்தப் பிள்ளை நின்று கதைக்க வேண்டும். பிள்ளைகளின் மனம் நோகிறதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.